அப்பாவின் கதைக்கு அந்த முருங்கை மரம் போதும்

வணக்கம். அம்மா போன பிறகு அப்பா தனியாக இருப்பதைக் கதையாக எழுதினேன், மழை, பட்ட மரம், கூடு திரும்பாத பறவை எல்லாம் வைத்தும் படித்தவர்கள் 'செயற்கை' என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் துக்கத்தில் பொய் இல்லை. அந்த மழையும் பறவையும்தான் உங்கள் வீட்டைச் சேர்ந்தவையாகத் தெரியவில்லை.

நீங்களே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அம்மா வைத்த முருங்கையில் அப்பா இப்போது காய் பறிப்பதில்லை. கதை அங்கேதான் இருக்கிறது! பறிக்காத காய் முற்றிக் காய்ந்து, மூன்றாக வெடித்து, சிறகு வைத்த விதைகள் கீழே விழும். அப்பா அதைக் கூட்டிப் பெருக்குகிறாரா, அப்படியே விடுகிறாரா? ஊருக்குப் போகும்போது கவனித்து அதையே எழுதுங்கள்.

குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலர் செய்ததும் இதுதான். தலைவன் ரகசியமாகத் தலைவியைக் கூடியபோது சாட்சிக்கு யாரும் இல்லை. குருகு என்ற நீர்ப்பறவை ஒன்று மட்டும் இருந்தது. தினைத்தாள் போன்ற கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. அது வேறெதையோ பார்ப்பதிலேயே, அவன் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற அவள் பயம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

அப்புறம், 'அந்த மரம்போல அப்பாவும்' என்று தொடங்கும் கடைசிப் பத்தியை எடுத்துவிடுங்கள். அப்பாவிடம் படித்துக் காட்டப் பயமாக இருக்கிறது என்றீர்களே, தயங்காமல் காட்டுங்கள். 'தனிமை' என்ற சொல்லே இல்லாத கதையை அவர் மரத்தைப் பற்றிய பேச்சாகவே கேட்டுக்கொள்ளலாம். பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருக்காது.