மகள் கழுவி வைக்கும் தயிர் டப்பா

அன்புள்ள ஐயா,

நான் மதுரை திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இங்கிலாந்தில் இருக்கும் என் மகள் தயிர் டப்பாவைக்கூடக் கழுவித் துடைத்துத்தான் மறுசுழற்சித் தொட்டியில் போடுவாள். அப்படிச் சேர்த்த பிளாஸ்டிக் கப்பலேறி, ஏழை நாடுகளில் குப்பையாகக் கொட்டப்படுகிறது என்று கேள்விப்பட்டுச் சென்ற வாரம் தொலைபேசியில் மிகவும் கலங்கினாள். இது உண்மையா? உண்மையென்றால், நாங்கள் இங்கே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பதற்கு ஏதேனும் பொருள் உண்டா?

ஒரு வாசகர், திருநகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்மைதான். ஆனால் தொட்டியில் போட்ட அனைத்தும் அப்படிப் போவதில்லை. கண்ணாடி, இரும்பு, அலுமினியம், நிறமற்ற தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை விலை கொடுத்து வாங்குவோர் உண்டு. மெல்லிய உறைகளும், பல அடுக்குப் பொட்டலங்களும், உணவு ஒட்டிய கலப்பு பிளாஸ்டிக்கும்தான் பெரும்பாலும் வழிதவறிப் போகின்றன.

நம் தெருவுக்குப் பழைய பேப்பர் வாங்க வருபவரை நினைத்துப் பாருங்கள். அவர் நமக்குக் காசு கொடுத்துவிட்டுப் பொருளை எடுத்துச் செல்கிறார். பால் பாக்கெட், வாட்டர் பாட்டில், உடைந்த குடம் என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் தராசில் வைக்கிறார். சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு, "இது ஆகாதுங்க" என்கிறார். அவருக்கு மேலே உள்ள காயலான் கடைக்காரர் அதை வாங்கமாட்டார், அவருக்கும் மேலே உள்ள ஆலைக்காரரும் வாங்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் மகளின் தொட்டியில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது: அதை எடுத்துச் செல்பவருக்கு உள்ளாட்சி மன்றம் பணம் கொடுக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர் பொருளைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு எடுத்துச் சென்றவருக்கோ அது கண்ணில் படாத இடத்துக்குப் போனால் போதும். நான் இதுவரை படித்த ஊழல்கள் பலவற்றின் வேரும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பிரிட்டனில் 1997 முதல் உள்ள ஏற்பாட்டின்படி, பொருள்களைப் பொட்டலமிட்டு விற்கும் நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு மறுசுழற்சி நடந்ததாகச் சான்றுகளை விலைக்கு வாங்கிக் காட்ட வேண்டும். கழிவை வெளிநாட்டுக்கு அனுப்புபவரும் இந்தச் சான்றை வழங்கலாம் என்பதால், அனுப்பிய எடையே மறுசுழற்சியான எடையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கான கண்காணிப்பு போதவில்லை என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகமே 2018இல் குறைகூறியது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் சீனா கதவைச் சாத்தியது. 1992 முதல் உலகின் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியில் ஏறத்தாழ 45 விழுக்காடு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. கதவு சாத்தப்பட்டதும் கப்பல்கள் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, துருக்கி என்று திரும்பின. மலேசியாவின் ஜெஞ்சாரோம் என்ற சிற்றூரில் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்து, விற்க முடியாததை எரித்தன. ஊர் மக்கள் மூச்சுத்திணறி முறையிட்டார்கள். இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள துரோபோடோ என்ற ஊரில் சோயாக்கட்டி (டோஃபு) செய்யும் அடுப்புகளுக்குக்கூட இந்தப் பிளாஸ்டிக் விறகானது. அவ்வூர்க் கோழிமுட்டைகளில் டையாக்சின் நஞ்சு இருந்ததை 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. துருக்கியின் அதானா பகுதியில் சாலையோரங்களில் பிரிட்டன் கடைகளின் உறைகள் பாதி எரிந்து கிடந்ததை கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2021இல் வெளிக்கொணர்ந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2013, 2014 ஆண்டுகளில், மறுசுழற்சிக்கான பிளாஸ்டிக் என்று எழுதிக் கனடாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு வந்த கப்பல் சரக்குப் பெட்டிகளில் பயன்படுத்திய டயப்பர்களும் வீட்டுக் குப்பையும் இருந்தன. அவற்றில் 69 பெட்டிகளைத் திருப்பி அனுப்ப 2019 வரை போராட வேண்டியிருந்தது.

கலப்பு பிளாஸ்டிக் கழிவை அனுப்புமுன் பெறும் நாட்டின் ஒப்புதல் வேண்டும் என்று, கழிவுகள் நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான பேசல் உடன்படிக்கையில் செய்யப்பட்ட திருத்தம் 2021 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. இந்தியாவும் 2019இல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடைசெய்தது. ஆனால் நம் காகித ஆலைகளுக்குக் கழிவுத்தாள் வந்துகொண்டுதான் இருக்கிறது; அந்தப் பொதிகளுக்குள் அயல்நாட்டு பிளாஸ்டிக்கும் சேர்ந்தே வருகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிரிப்பது மறுசுழற்சி அல்ல. ஆனால் பிரிக்காமல் மறுசுழற்சி நடக்காது. பேப்பர்காரர் ஒதுக்கிய சிப்ஸ் பாக்கெட்டுக்கும் நம் ஊரிலேயே ஒரு வழி கண்டவர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன். அத்தகைய உறைகளைத் துருவி, சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசித் தாருடன் கலக்கும் அவருடைய முறையில் 2002இல் கல்லூரி வளாகத்தில் சாலை போடப்பட்டது. 2018இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்த முறைக்கும் உறை காய்ந்தும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். சாம்பார் ஊறிய உறை அங்கேயும் உதவாது, மாநகராட்சியின் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். ஆகவே பிரித்துக் கொடுப்பதை நீங்கள் நிறுத்த வேண்டாம். மகளும் டப்பாவைக் கழுவுவதை நிறுத்த வேண்டாம். அவள் செய்ததில் தவறேதும் இல்லை என்று அவளிடம் நீங்கள் சொல்லவேண்டும்.

அதற்கு மேல் ஒரு வேலை இருக்கிறது. பிரிட்டனின் தகவல் அறியும் சட்டமும் நம்முடைய தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஒரே ஆண்டில், 2005இல், நடைமுறைக்கு வந்தவை. தொட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது, அவர் எந்த நாட்டின் எந்த ஆலைக்கு அனுப்புகிறார் என்று மகள் தன் உள்ளாட்சி மன்றத்திடம் எழுதிக் கேட்கட்டும். உங்கள் வார்டில் பிரித்து வாங்கிய மக்காத குப்பை சென்ற ஆண்டில் எத்தனை கிலோ, அதில் எவ்வளவு விற்கப்பட்டது, யாருக்கு என்று நீங்கள் மாநகராட்சியிடம் கேளுங்கள். இரண்டு பதில்களும் வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயே வெளியிடுகிறேன்.