வாசகர் கேள்வி: மலையில் இருந்துகொண்டு ஐரோப்பாவை ஆராய முடியுமா?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து தினமும் ஊட்டிக்கு பஸ் ஏறிப் போய் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தைப் பற்றி ப்ராஜெக்ட் செய்ய ஆசை. இணையத்தில் தேடினால் ஒரே கட்டுரைதான் பத்து இடத்தில் வருகிறது. பெரிய நூலகமும் பக்கத்தில் இல்லை. தலைப்பையே மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம், சுருக்குங்கள். மறுமலர்ச்சிக் காலம் என்று மொத்தமாகத் தேடினால் யாருக்கும் அப்படித்தான் வரும். ஒரு ஊர், ஒரு ஆள், ஒரு தொழில் என்று பிடித்துக்கொண்டால், உதாரணமாக வெனிஸில் ஆல்டஸ் மனூசியஸ் நடத்திய அச்சகம் என்று தேடினால், வருவதெல்லாம் வேறு தரத்தில் இருக்கும்.

ஆனால் நீங்கள் கோத்தகிரிக்காரர், உங்களுக்கு இன்னும் நல்ல தலைப்பு ஒன்று இருக்கிறது. கலிலியோ பாதுவாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், 1603-ல், ஃபெனிசியோ என்ற இத்தாலிய சேசு சபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து நீலகிரிக்கு ஏறி வந்தார். பழைய கிறிஸ்தவர்கள் யாரோ இந்த மலையில் வாழ்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டு வந்தவர், இங்கே பார்த்தது தோடர்களையும் படகர்களையும். பார்த்ததைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதி வைத்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-ல் தோடர்களைப் பற்றி வெளியிட்ட பெரிய புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். அவர் தோடர்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதோடு நிறுத்திவிடாமல், யாருக்காக எழுதினார், எதைத் தேடி வந்தவர் எதை விட்டுவிட்டார் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள், அப்போதுதான் அது அந்தக் கால ஐரோப்பாவைப் பற்றிய ஆராய்ச்சியாகும்.

அப்புறம் உங்கள் கல்லூரி நூலகரிடம் போய்ப் பேசுங்கள். மாணவர்கள் இதை ஏனோ கடைசியில்தான் செய்கிறார்கள். கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் கல்லூரி சேர்ந்திருந்தால் உங்கள் பெயரிலேயே கணக்கு வாங்கி, வீட்டிலிருந்தே ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் படிக்கலாம். ஜேஸ்டோர் (JSTOR) என்ற ஆய்விதழ்த் தளத்தில் தனியாக இலவசக் கணக்கு தொடங்கினாலும் மாதம் 100 கட்டுரை வரை படிக்க விடுகிறார்கள். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போங்கள், தேடுபொறி காட்டாத பெயர்களெல்லாம் அங்கேதான் இருக்கும். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூயி முறையில் அடுக்கிய நூலகமாக இருந்தால் 940.1 இடைக்கால ஐரோப்பா, 940.21 மறுமலர்ச்சிக் காலம். நேராக அந்த அலமாரிக்குப் போய் நின்று பக்கத்துப் புத்தகங்களையும் புரட்டிப் பாருங்கள். ஊட்டியில் உறுப்பினர்களுக்கென நடக்கும் நீலகிரி லைப்ரரியிலும், பேராசிரியரின் கடிதத்தோடு போய்ப் பழைய நூல்களைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

கேள்வி: நான் கொடைக்கானல். செண்பகனூரில் சேசு சபையின் ஆவணங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டு மதுரை மிஷனை, அதாவது அந்தச் சபை மதுரைப் பக்கம் நடத்திய சமயப் பணியைப் படிக்க நேரே போகலாமா?

பதில்: முதலில் கடிதம் எழுதி, என்ன பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் அச்சில் வந்ததைப் படித்துவிடுவது நல்லது. பெர்த்ராந்த் பாதிரியார் பழைய மிஷன் கடிதங்களைத் திரட்டி 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சில் வெளியிட்டிருக்கிறார். 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய சேசு சபைப் பாதிரியார் தெ நோபிலியின் காலத்திலிருந்து தொடங்கலாம். மூலக் கடிதங்களில் லத்தீனும் போர்த்துக்கீசியமும்தான் அதிகம், அதனால் இரண்டில் ஒன்றை இப்போதே கற்கத் தொடங்கிவிடுங்கள்.