134-வது இடம்

அன்புள்ள சார்,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 12 வயது. டென்னிஸ் பயிற்சிக்கு வாரம் நான்கு நாள் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கோவைக்குக் கூட்டிப் போகிறேன். டென்னிஸ் வீராங்கனை நிருபமா வைத்தியநாதன் உலகத் தரவரிசையில் எட்டிய உச்சம் 134 என்று நீங்கள் எழுதியதை மாமனாரிடம் காட்டினேன். "கடைசிவரைக்கும் 134-வது இடம்தானா? அதுக்கா இத்தனை பெட்ரோல்?" என்றார். அவருக்கு என்ன சொல்ல?

செல்வி

அன்புள்ள செல்வி,

பெட்ரோல் போடுகிறவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் 134-ஐ அவர் பள்ளிக்கூட ரேங்க் மாதிரிப் பார்க்கிறார்.

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர் ஆடுவார்கள். தகுதிச்சுற்றில் ஜெயித்து வருகிறவர்களுக்கும் வைல்ட் கார்டுக்கும் (போட்டி நடத்துகிறவர்கள் தாங்களே தேர்ந்து கொடுக்கும் இடம்) ஒதுக்கியது போக, தரவரிசையை வைத்து நேராக நுழைகிறவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். 134-ல் இருப்பவருக்கு இடம் வாசற்படி. முந்தின வாரமே போய், தகுதிச்சுற்றில் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். விமானச் செலவு, அறை வாடகை பெரும்பாலும் ஆடுகிறவர் பாடு.

நிருபமா கோவைப் பெண். ரஞ்சி கிரிக்கெட் ஆடிய அப்பாதான் பயிற்சியாளர். 1998 ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிச்சினியை வென்றார். ஓப்பன் யுகத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகு, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஒரு இந்தியப் பெண் ஜெயித்த முதல் ஆட்டம் அது. அடுத்ததைப் பார்க்க 2005-ல் சானியா மிர்சா வரவேண்டியிருந்தது. அதே 1998 டிசம்பரில், பாங்காக் ஆசியப் போட்டியில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையர் வெண்கலம். இதை மாமனாரிடம் முதலில் சொல்லுங்கள், பதக்கம் என்றால் பெரியவர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

தன்வரலாற்றுக்கு அவர் 'தி மூன்பாலர்' என்று பெயர் வைத்தார். மூன்பால் என்பது பந்தை வானத்துக்குத் தூக்கி, எதிராளியைப் பின்கோட்டுக்கே தள்ளிக்கொண்டிருக்கும் ஆட்டம். பார்க்கிறவர்களுக்குச் சலிக்கும், எதிரே நிற்பவருக்குக் கோபம் வரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது உங்கள் மகளை அப்படி நாலு பந்து தூக்கி அடிக்கச் சொல்லுங்கள். எங்கே விழும் என்று அடித்தவளுக்கே தெரியாது. அதை அடக்கப் பழகுவதே பெரிய பாடம்.

அவள் 134-க்குப் போவாளா என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் ஆயிரத்துக்குள்ளேயே வருவதில்லை. மாமனாரை ஒருநாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். கோர்ட் ஓரம் நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், பேத்தி ஆடுவதை அவர் இன்னும் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.