140 ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்ட வேதியியல் பேராசிரியரிடம் மகளைப் பி.எச்டி. சேர்க்கலாமா?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகள் கும்பகோணத்தில் எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கிறார், பார்த்து வைத்திருக்கும் கைடு கரிம வேதியியலிலும் மருந்து வேதியியலிலும் 140 கட்டுரைகள் வெளியிட்டவர், அதை நம்பிச் சேர்க்கலாமா என்பது கேள்வி. எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் சார். திருச்சியில் கரிம வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். டெல்டா பிள்ளைகள் இப்படிப் பட்டியலோடு வரும்போது நாங்கள் முதலில் பார்ப்பது கட்டுரைகளில் உள்ள பெயர்களைத்தான்.

எங்கள் துறையில் வழக்கமாக முதல் பெயர் லேபில் நின்று வேலை செய்த மாணவருடையது. நட்சத்திரக் குறி போட்ட பெயர், பெரும்பாலும் கடைசிப் பெயர், கைடுடையது. அதனால் அந்த 140 கட்டுரைகளின் முதல் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரே மாணவர் பெயர் மூன்று நான்கு வருஷம் தொடர்ந்து வந்து, அப்புறம் புதுப் பெயர் வருகிறதா? அப்படியானால் பிள்ளைகள் வேலையை முடித்துப் பட்டம் வாங்கிப் போகிறார்கள். ஒரு கட்டுரையோடு காணாமல் போகும் பெயர்கள் நிறைய இருந்தால் காரணத்தை விசாரியுங்கள். வெளியே போன மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடி, ஒருவருக்காவது மகளையே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் மகளின் ஐந்து வருஷம் இதில் இருக்கிறது, கூச்சப்பட வேண்டாம்.

அடுத்து, இரண்டு கட்டுரைகளை மகள் முழுதாகப் படிக்கட்டும். சால்கோன், பைரசோல், ஷிஃப் பேஸ் என்று ஒரே வகைச் சேர்மத்தை எடுத்து, அதோடு இணைந்திருக்கும் சிறு தொகுதியை ஒரு கட்டுரையில் குளோரோ, அடுத்ததில் புரோமோ, அதற்கடுத்ததில் மெத்தாக்ஸி என்று மாற்றிப் போட்டே எண்ணிக்கையை ஏற்றிவிடலாம். சேர்மத்தை மாற்றுவது தப்பில்லை, மருந்து வேதியியலே அதுதான். எந்த மாற்றம் செயல்திறனைக் கூட்டியது, எது குறைத்தது, ஏன் என்று எழுதியிருக்கிறாரா என்பதுதான் கேள்வி. புற்றுநோய்க்கு எதிரானது என்று எழுதியிருந்தால் ஐசி50 மதிப்பு (செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் சேர்மத்தின் அளவு) இருக்க வேண்டும், தெரிந்த மருந்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும், சாதாரண செல்களை அது என்ன செய்கிறது என்றும் பார்த்திருக்க வேண்டும். கணினியில் டாக்கிங் (மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்ற கணிப்பு) மட்டும் செய்துவிட்டு மருந்து கண்டுபிடித்ததாகச் சொல்லும் கட்டுரைகள் பட்டியலில் நிறைந்திருந்தால் நான் தயங்குவேன்.

மஞ்சளில் இருக்கும் குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் உண்டு. 2017-ல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் வந்த ஒரு நீண்ட மதிப்பீடு, அது நிலையில்லாத மூலக்கூறு, உடலில் சரியாகச் சேர்வதில்லை, பல ஆய்வகச் சோதனைகளில் பலன் இருப்பதுபோலப் பொய்த்தோற்றம் தரக்கூடியது என்று காட்டியது. சோதனையில் பாசிட்டிவ் வந்ததும் மருந்து என்று எழுதிவிடும் லேபில் மகள் அந்த எச்சரிக்கையைக் கற்றுக்கொள்ள முடியாது.

கட்டுரையோடு இணைப்பாக வரும் துணைத் தரவுக் கோப்பையும் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு புதுச் சேர்மத்துக்கும் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் புரோட்டான், கார்பன் என்.எம்.ஆர். வரைபடங்கள், அதன் நிறையைக் காட்டும் நிறை நிறமாலை, தூய்மை விவரம் இருக்க வேண்டும். மேலே சொன்ன ஜர்னல், சோதிக்கும் சேர்மங்கள் குறைந்தது 95 சதவீதம் தூய்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அழுக்குச் சேர்மத்தில் கிடைத்த முடிவை எதுவும் காப்பாற்றாது.

எண்ணிக்கை அதிகமாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. நம் காவிரிக் கரைக் குளித்தலையில் 1900-ல் பிறந்த வேதியியலாளர் டி.ஆர். சேஷாத்ரி நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் வெளியிட்டார். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் படித்து, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வேதியியலாளர் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து, வால்டேரிலும் (விசாகப்பட்டினம்) டெல்லியிலும் மாணவர் பரம்பரையையே உருவாக்கியவர். 1960-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். தாவர நிறமிகள், ஃபிளேவனாய்டுகள் என்று ஒரு கேள்வி அவர் வேலை முழுக்க ஓடுகிறது. நீங்கள் பார்த்திருக்கும் பட்டியலில் அப்படி ஒரு தொடர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். மறுபக்கம், டெல்டாவில் ஒரு சின்னக் கல்லூரியில் வாரம் முழுக்க வகுப்பெடுத்து, என்.எம்.ஆர். எடுக்க மாதிரிகளைச் சென்னைக்கு அனுப்பிக் காத்திருந்து 15 நல்ல கட்டுரைகள் தந்தவரையும் ஒதுக்கிவிடாதீர்கள். என் கணக்கில் அவர் பெரிய ஆள்.

இன்னொன்று, அந்த 140-ம் அவருடையதுதானா என்று பாருங்கள். நம் ஊரில் இனிஷியலும் பெயரும் ஒரே மாதிரி பலருக்கு இருக்கும், கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளம் கலந்துவிடும். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண் அவருக்கு இருந்தால் அதை வைத்துச் சரிபார்க்கலாம். கட்டுரைகளும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களும் எவ்வளவு என்று காட்டும் எச்-இண்டெக்ஸை ரொம்பப் பொருட்படுத்த வேண்டாம், வயதும் துறையும் கூட்டிவிடும் எண் அது.

2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருப்பது கட்டாயமில்லை. பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது கேட்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டுரை எண்ணிக்கைக்காகக் காசு கட்டி ஏதோ ஒரு ஜர்னலில் போடச் சொன்னால் மகள் மறுத்துவிடலாம். கைடை நேரில் பார்க்கும்போது கெமிக்கலுக்கும் என்.எம்.ஆருக்கும் பணம் ஆய்வுத் திட்டத்திலிருந்து வருகிறதா, மாணவர் கையிலிருந்தா என்று கேளுங்கள். மாணவர் கையிலிருந்து என்றால் வேறு இடம் பாருங்கள்.