உடற்பயிற்சி தொடங்கியதும் எடை ஏறுகிறதே, ஏன்?

கேள்வி: ஜிம்மில் சேர்ந்து பத்து நாளாகிறது. சாப்பாட்டைக் கூட்டவில்லை. ஆனாலும் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது. கொழுப்பா, அக்கா?

பதில்: இல்லை, தங்கச்சி. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. பத்து நாளில் ஒன்றரை கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், தினமும் தேவைக்கு மேல் 1,150 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் அவ்வளவு சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை. ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். பழக்கமில்லாத பளுவைத் தூக்கும்போது தசை இழைகள் நுண்ணிய அளவில் சேதமடைகின்றன. அவற்றைச் செப்பனிடும் வேலையில் அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. ஸ்குவாட் என்னும் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்த மறுநாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கியிருப்பீர்கள். அந்த வலிக்கும் இந்த நீருக்கும் காரணம் ஒன்றுதான்.

கேள்வி: எனக்கு வலி போய்விட்டது, எடை இறங்கவில்லையே?

பதில்: பயிற்சிக்குப் பழகும் தசை, எரிபொருளாகக் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பைக் கூடுதலாகச் சேமிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் தங்கும். 150 கிராம் கூடினாலே எடைக்கருவியில் 600 கிராம் தெரியும். இதை விரட்ட நினைக்காதீர்கள். உங்களுக்குத் தெம்பு தருவதே அதுதான். பெரும்பாலும் சில வாரங்களில் கொழுப்பு குறைவது எடையிலும் தெரியத் தொடங்கும்.

கேள்வி: நான் பளு தூக்குவதில்லை, ஓடுகிறேன். எனக்கும் ஏறியிருக்கிறது.

பதில்: ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகும். இதயத்துக்கு அது நல்லது.

கேள்வி: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது! உடலில் நீரைத் தேக்குவது உப்புதான்; குறைக்க வேண்டுமென்றால் ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள்.

கேள்வி: அப்படியானால் எதை வைத்து முன்னேற்றத்தை அறிவது?

பதில்: வாரம் ஒருமுறை காலையில், வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்டபின் இடுப்பை டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். எடை நிற்க, இடுப்பு குறைந்தால் சரியான வழியில்தான் போகிறீர்கள். மாதவிடாய்ச் சுழற்சியிலும் உடல் நீர் ஏறி இறங்கும் என்பதால், பெண்கள் போன சுழற்சியின் அதே நாள் எடையோடு ஒப்பிடுவது நல்லது.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. நடைப்பயிற்சி தொடங்கிய மூன்றே நாளில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. கணுக்கால் வீங்கியிருக்கிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது.

பதில்: நான் மேலே சொன்ன எதுவும் அவருக்குப் பொருந்தாது. இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். நடையை நிறுத்திவிட்டு இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.