பொறுப்புணர்வைக் கல்லூரியில் கற்றுத்தர முடியுமா?

அன்புள்ள ஐயா,

தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சுற்றுச்சூழல் கல்வித் தாளையும் விழுமியக் கல்வி வகுப்பையும் நடத்துகிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின் திட்ட அலுவலரும் நான்தான். நேர்மை, நேரந்தவறாமை, பொதுச்சொத்தைப் பேணுதல் என்று மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே தாளுக்குரிய களப்பணி அறிக்கையை மட்டும் சென்ற ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்து வரிக்கு வரி எழுதிக் கொடுக்கிறார்கள். முகாமுக்கு வருவதும் சான்றிதழுக்காகவே. இந்த வயதில் ஒருவருக்குப் பொறுப்புணர்வைக் கற்றுத்தர முடியுமா, அல்லது அது வீட்டிலேயே அமைந்திருக்க வேண்டியதா? இந்த வகுப்புகளால் பயன் உண்டா என்றே எனக்கு ஐயம் வந்துவிட்டது.

(பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

கற்றுத்தர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். பிறர் ஒருவரின் நன்மை தன் கையில் இருக்கிறது என்னும் நிலையில் மாணவரை நிறுத்தினால் அவர் பொறுப்பைக் கற்றுக்கொள்கிறார். அப்படி நிறுத்தாமல் பேசப்படும் எந்த விழுமியமும் தேர்வுக்கான விடையாகவே தங்கிவிடும். ஆகவே, வகுப்பில் என்ன சொல்கிறோம் என்பதைவிட மாணவரிடம் எதை ஒப்படைக்கிறோம் என்பதையே நாம் முதலில் யோசிக்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிடும் சுற்றுச்சூழல் தாளையே எடுத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் பிறப்பித்த உத்தரவும், அதை 2003-ல் மீண்டும் வலியுறுத்தியதுமே இளநிலை வகுப்புகள் அனைத்திலும் அந்தத் தாளைக் கட்டாயமாக்கின. அதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்டத்தில் 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கென ஒதுக்கப்பட்டது. ஓர் ஆற்றையோ குன்றையோ, மாசடைந்த ஓர் இடத்தையோ மாணவர் நேரில் சென்று பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தத் தாளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பல கல்லூரிகளில் வகுப்பின் ஏடுகள் மொத்தமாக மேசைக்கு வந்து, ஒரே மாலையில் கையெழுத்தாகித் திரும்பிவிடுகின்றன. வெயிலில் குளக்கரைக்குப் போய் எழுதியவருக்கும் விடுதி அறையில் உட்கார்ந்து பார்த்தெழுதியவருக்கும் ஒரே மதிப்பெண் விழும்போது, போனவர் அடுத்த முறை போகமாட்டார். மாணவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று வருந்துகிறீர்கள்; அந்த வருத்தம் நியாயமானது. ஆயினும் படிக்கப்படாத அறிக்கையை உண்மையாக எழுதும்படி ஒருவரைக் கேட்பது கடினம். அறிக்கையை ஒரே பக்கமாகக் குறைத்து, கல்லூரி உணவகத்தின் கழிவுநீர் எந்த வாய்க்கால் வழியாக எங்கே போய்ச் சேர்கிறது என்பதுபோல ஒரு சிறு கேள்வியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்து, எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால், பார்த்தெழுதுவது தானாகவே குறையும்.

சான்றிதழுக்காக முகாமுக்கு வருகிறார்கள் என்பதற்கு நான் அவ்வளவு கவலைப்படவில்லை. மாணவர் சேவை கட்டாயமாக இருக்க வேண்டுமா, விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டுமா என்ற விவாதம் நாட்டு நலப்பணித் திட்டத்தைவிட மூத்தது. ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு விருப்பத்தின் பேரில் என்றது, 1959-ல் அமைக்கப்பட்ட சி.டி.தேஷ்முக் குழு கட்டாயம் என்றது. கடைசியில் காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் விருப்பத் திட்டமாகவே அது தொடங்கப்பட்டது. ஒருவர் எதற்காக உள்ளே வந்தார் என்பதைவிட, வந்தபின் எதை எதிர்கொண்டார் என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று கணக்கு வைக்கிறோம். அந்த 120 மணி நேரத்தில், இவர் வராவிட்டால் யாருக்கு நட்டம் என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடிகிறதா? பேரணியில் ஒருவர் குறைந்தால் யாருக்கும் தெரியாது. கோயில் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிக்க நாற்பது பேர் நிற்கும் இடத்தில் ஒருவர் நிழலுக்கு ஒதுங்கினால் சுவர் ஒன்றும் கெட்டுவிடாது.

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதித் தரும் பணியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பார்வையற்ற முதுகலை மாணவர் ஒருவர், தேர்வுக்கு முந்தைய இரவு தன்னைத் தூங்கவிடாமல் செய்வது பாடம் அல்ல, காலையில் ஸ்கிரைப், அதாவது தான் சொல்வதை எழுதித் தருபவர், வருவாரா என்ற பயமே என்று சொன்னார். வருபவர் பெரும்பாலும் வேறு துறையைச் சேர்ந்த, கீழ் வகுப்பு மாணவராக இருப்பார். ஒரு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பதால் மூன்று மணித் தேர்வு நான்கு மணி நேரம் நீளும். வினாத்தாள் முழுவதையும் முதலில் நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். எந்த வினாவைத் தேர்வர் எடுக்கிறாரோ அதற்கு மட்டும், அவர் சொல்லச் சொல்ல, சொன்னபடியே எழுத வேண்டும். தனக்குத் தெரிந்ததைச் சேர்க்கக் கூடாது. கை வலிக்கிறதென்று ஒரு வாக்கியத்தை விழுங்கவும் கூடாது. விழுங்கினால் அதைத் தேர்வரால் கண்டுபிடிக்க முடியாது. கண்காணிப்பாளரும் தாளை வாசிக்கப்போவதில்லை. ஒரு மனிதரின் ஓராண்டு உழைப்பு தன் பேனா முனையில் இருக்கிறது, தன்னைச் சரிபார்க்க ஒருவரும் இல்லை என்று பத்தொன்பது வயதில் ஒருவர் நான்கு மணி நேரம் உணர்ந்திருப்பதற்கு ஈடான விழுமியக் கல்வி வகுப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நேர்மை, நேரந்தவறாமை என்று நீங்கள் தனிமனிதப் பண்புகளாக நடத்துபவையும் சமூகப் பொறுப்பும் அந்த மேசையில் ஒன்றாகிவிடுகின்றன. சான்றிதழுக்காக வந்தவரும் அங்கே மாறிவிட வாய்ப்பு உண்டு. எல்லோரும் மாறுவார்கள் என்று சொல்லமாட்டேன்.

விடுதி உணவகமும் இத்தகைய இடம்தான். மாணவர்களே நிர்வகிக்கும் டிவைடிங் முறை உள்ள விடுதிகளில், மாதச் செலவு மொத்தமும் ஆள்கணக்கில் பிரிக்கப்படுகிறது. மெஸ் பிரதிநிதி விடியற்காலையில் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்குகிறார், அரிசி மூட்டையை எண்ணி வைக்கிறார், மாதக் கடைசியில் கணக்கைத் தகவல் பலகையில் ஒட்டுகிறார். தன் நண்பனின் தந்தை கூலி வேலை செய்து அனுப்பும் பணம் அந்தக் கணக்கில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஏதோ ஒரு தவறு நடந்ததும் அந்தப் பொறுப்பை மாணவரிடமிருந்து பிடுங்கி ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிடும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தவறிய கணக்கை எல்லோர் முன்னிலையிலும் நேர்செய்யும் வாய்ப்பும் அத்தோடு போய்விடுகிறது.

ஏழு நாள் சிறப்பு முகாமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிராமத்தைத் தத்தெடுப்பது என்கிறோம். ஆனால் ஏழாம் நாள் நிறைவு விழாவோடு பேருந்து ஏறிவிடுகிறோம். நட்ட கன்றுகளுக்கு எட்டாம் நாள் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை முகாம் தொடங்குமுன்பே முடிவுசெய்யுங்கள். ஒரே ஊருக்குத் தொடர்ந்து சில ஆண்டுகள் செல்லுங்கள். எந்த வீட்டு முதியவரின் ஓய்வூதிய மனு எந்த அலுவலகத்தில் நிற்கிறது, எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அதை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கட்டும்.

வீட்டிலேயே அமைந்திருக்க வேண்டியதா என்று கேட்டிருந்தீர்கள். வீடு நிறையத் தருகிறது. தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரிக்கு வருபவர்களும், பகுதிநேர வேலைக்குப் போய்க் கட்டணம் கட்டுபவர்களும் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். பொறுப்பு அவர்களுக்குப் புதிதல்ல. அதை வீட்டுக்கு வெளியே, முன்பின் அறியாத ஒருவரிடமும் காட்டுவதற்கான வாய்ப்பைத்தான் கல்லூரி தர வேண்டியிருக்கிறது. அடுத்த பருவத்தில் ஒன்றை மட்டும் தொடங்குவதானால் ஸ்கிரைப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் அருகிலுள்ள பார்வையற்றோர் பள்ளியிலும் விசாரித்து, ஒவ்வொரு தேர்வருக்கும் ஒருவரையும், அவர் வர இயலாவிட்டால் வருவதற்கு இன்னொருவரையும் முன்கூட்டியே பழக்கி வையுங்கள். பருவம் முடிந்தபின் அந்த மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.