திருக்கை மீனும் மண்ஜாடியும்

கேள்வி: பாக்தாத் அருகே கிடைத்த மண்ஜாடிதான் உலகின் முதல் பேட்டரி என்று படித்தேன். பழங்காலத்தவர் மின்சாரத்தை அறிந்திருந்தார்களா?

பதில்: பேட்டரி என்ற பெருமைக்கு உரிமை கோரத் தகுந்தது, தொட்டால் மின் அதிர்ச்சி தரும் மீனான மத்தியதரைக் கடலின் மின் திருக்கை. அந்த ஜாடிக்கு அதில் பங்கில்லை. 1936-ல் கிடைத்த அதனுள் செப்புக் குழாயும் இரும்புத் தண்டும் இருந்ததைக் கண்டு, அது மின்கலமாக (பேட்டரியாக) இருக்கலாம் என்று ஈராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜெர்மானியர் வில்ஹெல்ம் கோனிக் ஊகித்தார். ஆனால் மின்சாரத்தை வெளியே கொண்டுசெல்லும் கம்பி எதுவும் அதனுடன் கிடைக்கவில்லை. சுருளேடு வைக்கும் கலம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. முன்னோரைப் புகழ வேண்டுமென்று அவர்கள் செய்யாததை அவர்கள் தலையில் ஏற்றுகிறவர்களோடு இந்தக் கேள்வி-பதில் பகுதியில் நான் ஓயாமல் சண்டையிடுவதற்குக் காரணம், அவர்கள் உண்மையில் செய்தது மறைந்துபோகிறது என்பதே.

முதல் நூற்றாண்டின் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், காலில் வாதநோய் கண்டவர் ஈரமான கடற்கரையில் உயிருள்ள திருக்கையின் மேல் கால் வைத்து, முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும் என்று எழுதினார். ஈட்டியால் தீண்டினாலும் அந்த மரப்பு கைக்கு ஏறும் என்பதை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்தார். செத்த மீனைத் தலைவலிக்கு வைத்துப் பார்த்துப் பயனில்லை என்று கண்ட பண்டைய மருத்துவர் காலென், உயிருள்ள மீனால் பயன் கண்டார். மின்சாரம் என்ற கருத்தே இல்லாத காலத்தில், அதன் விளைவை இவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள்.

ஆனால் திருக்கையையும், தேய்த்தால் துரும்பை இழுக்கும் அம்பரையும் (கல்லாக இறுகிய மரப்பிசின்), இடியோடு வரும் மின்னலையும் அவர்கள் ஒன்றாகக் கருதவில்லை. கிரேக்கத் தத்துவவாதி எம்பெடோகிளிஸ் வகுத்த நிலம், நீர், காற்று, நெருப்பு ஆகிய நான்கு மூலப்பொருள்களுக்கும் அரிஸ்டாட்டில் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்னும் பண்புகளைப் பொருத்தியிருந்தார். அந்தக் கணக்கில் மின்னல், மேகத்திலிருந்து பிதுங்கி எரியும் வறண்ட ஆவி. மீனின் மரப்பையோ காலென் குளிர்ச்சியின் செயல் என்றார். அம்பருக்கும் காந்தத்திற்கும் உயிர் உண்டு என்று ஆதி கிரேக்கத் தத்துவவாதி தேலிஸ் கருதியதாக ஒரு மரபு கூறுகிறது. ஒவ்வொன்றுக்கும் நிறைவான விளக்கம் கையில் இருந்தபோது, குளிர்ந்த மீனையும் எரியும் வானத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க யாருக்கும் தேவை ஏற்படவில்லை. அந்தக் கோட்பாட்டின் குறை, அது எதையும் விளக்காமல் விட்டுவைக்கவில்லை என்பதுதான்.

அம்பரின் இழுப்பு கண்ணாடிக்கும் கந்தகத்திற்கும் உண்டு என்று 1600-ல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் காட்டினார். 1772-ல் ஆங்கிலேய ஆய்வாளர் ஜான் வால்ஷ் பிரான்சின் லா ரொஷேல் கரையில் திருக்கையைச் சோதித்து, அதன் அதிர்ச்சி மின்சாரமே என்றார். 1800-ல் இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா, தாம் உலோகத் தட்டுகளை அடுக்கிச் செய்த முதல் மின்கலத்திற்கு 'செயற்கை மின்னுறுப்பு' என்று பெயரிட்டபோது, அவர் மனத்தில் இருந்தது அந்த மீனின் உறுப்புதான். உராய்வு, மின்கலம், மீன் ஆகிய எதிலிருந்து வந்தாலும் மின்சாரம் ஒன்றே என்று ஆங்கிலேய அறிவியலாளர் பாரடே சோதனைகளால் நிறுவியது 1833-ல்.